பூத்தும் காய்க்காத பிளம்ஸ் மரம்

மகேந்திர பல்லவன் குடைந்த கோயில் இருக்கும் மண்டகப்பட்டுதான் எங்கள் ஊர். இந்த வெயிலில் பிளம்ஸ் வராது. அதற்குக் குளிர் வேண்டும். என் தங்கையைக் கொடைக்கானல் மலையில் கொடுத்திருப்பதால்தான் இந்த அனுபவம் எனக்குக் கிடைத்தது.

கடனை அடைக்கலாம் என்று நம்பி அவர்கள் முப்பது பிளம்ஸ் கன்று வைத்தார்கள். நாலாம் வருஷம் மரமெல்லாம் வெள்ளை வெளேரென்று பூ. காயோ விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். மறு வருஷமும் அப்படியே. "அக்கா, இவர் மரத்தையெல்லாம் வெட்டப் போறேங்கிறார். நீ ஒரு நடை வந்துட்டுப் போயேன்" என்று தங்கை போனில் அழுதாள்.

போனேன். மூவருமாகக் கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் விசாரித்தோம். நம் நாட்டில் அதிகம் வளர்ப்பது ஜப்பான் இனத்துப் பிளம்ஸ். அதில் பெரும்பாலான ரகங்களுக்குச் சொந்த மகரந்தம் சேராது. ஒரே ரகத்தில் முப்பது மரம் வைத்தாலும், எல்லாம் ஒரே தாய்மரத்து ஒட்டு என்பதால், ஒற்றை மரம் வைத்த மாதிரிதான்! பக்கத்திலேயே வேறொரு ரகம், அதே நாட்களில் பூக்க வேண்டும். அமெரிக்காவின் லூதர் பர்பாங்க் 1906-ல் வெளியிட்ட 'சான்டா ரோசா' தனியாகவும் ஓரளவு காய்க்கும்; துணை ரகம் இருந்தால் இன்னும் நன்றாகக் காய்க்கும்.

துணை மட்டும் போதாது; மகரந்தத்தைச் சுமக்கத் தேனீ வேண்டும். "பூச்சி விழுமேன்னு பூத்த நேரத்துலதான் மருந்து அடிச்சேன்" என்று தலை குனிந்தார் தங்கை வீட்டுக்காரர். குளிரும் மழையுமாக இருந்தால் தேனீ வெளியே வராது. வருகிற நாட்களிலும் விரட்டிவிட்டால் எப்படி? ஹிமாசல ஆப்பிள் தோட்டக்காரர்கள் பூக்கும் பருவத்தில் தேனீப் பெட்டிகளை வாடகைக்கே வாங்கி வைக்கிறார்கள்.

அடுத்த பூப்பில் வேறு ரகத்தின் பூத்த கிளைகளை வாங்கி வந்து, தண்ணீர் வாளிகளில் செருகி மரங்களின் நடுவே வைத்தார்கள். தேனீப் பெட்டியும் வைத்தார்கள். பூக்காலத்தில் மருந்தை நிறுத்தினார்கள். சில மரங்களில் அந்த ரகத்தையே ஒட்டுக் கட்டினார்கள். அந்தக் கோடையிலேயே கூடைக்குப் பழம் வந்தது. கடன் முழுசும் தீரவில்லை. ஆனால் மரம் தப்பியது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரங்கிக்கொடியில் பிஞ்சு வெம்பி விழுகிறதா? காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் தடவிப் பாருங்கள். ஊர் திரும்பியதும் நான் செய்தது அதுதான். மூன்று காய் நின்றது!