தூள் சிதறாத கட்லெட்

கட்லெட் தின்ன எல்லாருக்கும் ஆசை. வீட்டில் செய்யத்தான் தயக்கம். தயங்கவைப்பது பிரெட் தூள். முட்டையில் முக்கித் தூளில் புரட்ட ஆரம்பித்து நாலு துண்டு முடிவதற்குள் விரல்நுனியெல்லாம் மாவு அப்பிப் பருத்துவிடும். தட்டில் இருக்கும் தூள் ஈரம் பட்டு உருண்டை கட்டும். மேடையில் சிதறியது போக மிச்சம் தரைக்கு வரும். துடைக்க மறந்த இடத்தை எறும்பு கண்டுபிடித்துவிடும்.

சேலத்தை அடுத்த நெசவூரான இளம்பிள்ளையின் சமையலறைகளில் இந்த வேலைக்கு வேண்டிய சரக்குக்குக் குறைவில்லை. தூளை ஒட்டவைக்க இரண்டு வழி உண்டு: முட்டை அல்லது மாவுக்கரைசல். முட்டைக்குப் பக்கத்திலேயே நாமக்கல் இருக்கிறது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலையைத்தான் தமிழ்நாட்டு முட்டை வியாபாரிகள் தினமும் பார்க்கிறார்கள். மாவுக்குச் சேலம். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வரத்து நின்றுபோன 1943 வாக்கில், குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கும் தொழில் இங்கே தொடங்கியது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்லெட்டுக்குச் சோள மாவுப் பொட்டலம் தேடி அலைய வேண்டிய ஊர் இதுவல்ல.

சரியாக ஒட்டாத தூள்தான் சிதறுகிறது, எண்ணெயிலும் உதிர்ந்து கருகுகிறது. ஆகவே ஒட்டுவது எப்படி என்று தெரிந்துகொண்டால் பாதிக் குப்பை குறையும். கட்லெட்டின் மேல் இருக்கும் ஈரத்தில் முட்டை வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த ஈரத்தை உறிஞ்சத்தான் முதலில் மைதாவில் லேசாகப் புரட்டித் தட்டிவிடுகிறார்கள். அதன் மேல் முட்டை பிடிக்கும். முட்டையின் மேல் தூள் பிடிக்கும். எண்ணெயில் போட்டதும் 60 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குள் முட்டையின் புரதம் இறுகி, மூன்றையும் ஒரே தோலாகக் கட்டிவிடுகிறது.

முட்டை கனமாகப் படிந்தால்தான் நன்றாக ஒட்டும் என்று நினைப்பது தவறு. இளம்பிள்ளையில் பாவுக்குக் கஞ்சி போடுகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: கஞ்சி கெட்டியானால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், நீர்த்துப்போனால் தறியில் இழை அறுபடும். கட்லெட்டுக்கும் மெல்லிசாக, எல்லா இடத்திலும் பரவ வேண்டும். முட்டையோடு ஒரு கரண்டி தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, வெள்ளைக்கரு இழுபடாமல் ஆகும்வரை அடித்துக்கொள்வது நல்லது. நனைத்த துண்டை அப்படியே தூக்கிப் பிடித்து, சொட்டுவது நின்ற பிறகே தூளுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு கையை ஈரத்துக்கும் மறு கையை உலர்ந்ததற்கும் வைத்துக்கொள்ளச் சொல்வது மேல்நாட்டுச் சமையல் பாடம். இடது கையால் உணவைத் தொடாத வீடுகளுக்கு அது ஒத்துவராது. பழக்கத்தை மாற்ற வேண்டியதும் இல்லை. முட்டைக் கிண்ணத்தில் ஒரு முள்கரண்டியைப் போட்டுவிட்டால் போதும். ஈரமான வேலை முழுவதும் முள்கரண்டிக்கு. வலது கை மைதாவையும் தூளையும் மட்டும் தொடும். கடைசித் துண்டு வரைக்கும் விரல் சுத்தமாக இருக்கும்.

பாத்திரங்களை வைக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. விளிம்பு உள்ள பெரிய தாம்பாளத்துக்குள் மைதா, முட்டை, தூள் என்று வரிசையாக மூன்று கிண்ணங்களை வைத்து, முடிவில் ஒரு காலித் தட்டை வைத்தால், சிதறுவதெல்லாம் தாம்பாளத்தோடு நின்றுவிடும். அரைத்த தூள் மொத்தத்தையும் கொட்டாமல், ஒரு பிடி போட்டு, தீரத் தீரச் சேர்த்துக்கொள்ள வேண்டும். டப்பாவில் இருப்பது உலர்ந்தே இருக்கும். மீந்தால் மூடி வைக்கலாம். முட்டையோ பச்சை இறைச்சியோ பட்ட தூளை மட்டும் எடுத்து வைக்கவே கூடாது. பச்சை முட்டையிலும் கோழியிலும் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு.

உருளைக்கிழங்கு கட்லெட் மெத்தென்று இருப்பதால் புரட்டினால் உடைந்துவிடும். தூள் மேல் வைத்து, கரண்டியால் மேலும் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்துவதே சரி. கோழித்துண்டு கெட்டியானது, தூளோடு டிபன் டப்பாவில் போட்டு மூடிக் குலுக்கினால் கையே படாது.

முட்டை சேர்க்காதவர்களுக்கு ஸ்டார்ச் மாவும் மைதாவும் சரிபாதி கரைத்த கரைசல் கைகொடுக்கும். ஸ்டார்ச் மட்டும் கரைத்தால் அடியில் படிந்து, மேலே வெறும் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் கலக்கிவிட வேண்டும்.

தூளுக்கு இரண்டு நாள் பழைய பிரெட்டை வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து மிக்ஸியில் விட்டு விட்டு அடித்தால் போதும். மூடியை உடனே திறந்தால் புகைபோல் கிளம்பும். சற்று அடங்கவிட வேண்டும். டீக்கடை ரஸ்க்கும் ஆகும். ஆனால் அதில் சர்க்கரை இருப்பதால் உள்ளே சூடேறும் முன் மேலே கருத்துவிடும்.

இந்த வேலையில் தமிழர்களுக்குள் கைதேர்ந்தவர்கள் இலங்கைக்காரர்கள். உருளைக்கிழங்கும் மீனும் அல்லது ஆட்டிறைச்சியும் கலந்த கறியை மெல்லிய தோசை போன்ற உறையில் மடித்து, தூளில் புரட்டிப் பொரிக்கும் ரோல்ஸ், யாழ்ப்பாணம் முதல் டொரோண்டோ வரை கொண்டாட்டங்களில் தட்டுத் தட்டாகப் போகிறது. விருந்துக்கு முன்னரே புரட்டி ஃப்ரீசரில் வைத்து, அன்றைக்குப் பொரிக்க மட்டும் செய்கிற வழக்கம் அங்கே பரவலாக உண்டு. ஒரு நாளில் ஒரே தடவை மேடையை அழுக்காக்கி, பல நாள் பலன் எடுக்கும் இந்த ஏற்பாடு இங்கேயும் பரவ வேண்டும். உடனே பொரிப்பதானாலும் இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் தூள் பிடிமானமாகும். எண்ணெய் 170 முதல் 180 டிகிரி சூட்டில் இருக்கட்டும். ஒரு சிட்டிகை தூளைப் போட்டால் உடனே நுரைத்து மேலே வர வேண்டும். உதிர்ந்ததை ஒவ்வொரு ஈட்டுக்கும் பிறகு ஜல்லிக்கரண்டியால் அள்ளிவிட்டால், அடுத்த ஈட்டில் கரும்புள்ளி விழாது.

பாத்திரம் கழுவும்போது முட்டைக் கிண்ணத்தில் முதலில் வெந்நீர் ஊற்றாதீர்கள். முட்டை வெந்து ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுச் சோப்புப் போடுங்கள். மேடையில் கிடக்கும் தூளை உலர்ந்தபடியே கூட்டி எடுத்த பிறகு ஈரத்துணி போடுங்கள். மிஞ்சிய மாவும் தூளும் குப்பைத் தொட்டிக்குப் போகட்டும். தொட்டிக்குழாயில் ஊற்றினால் உள்ளே பசையாகி அடைத்துக்கொள்ளும்.