சிகிச்சைக்குப் பின் ஒரு சீட்டு

புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசாங்க ஆஸ்பத்திரியினின்று ஊர் திரும்புவோரை, உறவினர் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. அன்பின் மிகுதியே, ஆயினும் பிழையென்றே நாம் கருதுகிறோம். பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 889 பேரைக் கனடா, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் ஆராய்ந்த முடிவு 2025-ல் வெளியாயிற்று. பயிற்றுநர் துணையுடன் 3 ஆண்டு தேகப்பயிற்சி செய்தோரில் 8 ஆண்டுகளுக்குப் பின் நூற்றுக்கு 90 பேர் ஜீவித்திருந்தனர். அறிவுரைப் பிரசுரங்கள் மட்டும் பெற்றோரில் 83 பேரே. வெறும் புத்திமதி போதாதென்பது தெளிவு. நம் மாகாணத்தில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை வைத்தியர் வீடு தேடி வருகின்றனர். ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரைச் சீட்டுடன் அவருக்கும் ஒரு சீட்டெழுதினால் என்ன? தாமிரபரணிக் கரையில் எவ்வளவு தூரம் நடக்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் உடனிருந்து காட்டுவாரன்றோ?