இரும்புக் கடைக்குப் போன கம்ப்யூட்டர் திரும்பி வந்தது!

(நமது மும்பை நிருபர்)

கணவரை இழந்த ஓர் அம்மாள் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வந்தார். "அவர் 1991-லேயே சந்தா கட்ட ஆரம்பித்துவிட்டார், தம்பி. கணக்கைப் பாருங்கள்" என்றார்.

1992-க்கு முன் சேர்ந்தவர் குடும்பத்துக்கு இறப்பு நிவாரணம் இரு மடங்கு என்பது சங்க விதி. ஆனால் சந்தாப் பதிவேடு எங்கே? 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி மும்பையை மூழ்கடித்த மழையில் அது கூழாகிவிட்டது.

பரண்மேல் நான்கு பிளாப்பிகள் தப்பிக் கிடந்தன. 1994-ல் குமாஸ்தா ஒருவர் அந்தப் பதிவேட்டை "வேர்ட்ஸ்டார்" புரோகிராமில் டைப் அடித்து வைத்தவை அவை. அவர் டைப் அடித்த கம்ப்யூட்டர் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது!

கோணல் எழுத்து

யு.எஸ்.பி.யில் மாட்டும் பிளாப்பி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினேன். மூன்று பிளாப்பிகளில் பூஞ்சை. நான்காவது படித்தது.

பைலைத் திறந்தால், சொல்லுக்குச் சொல் கடைசி எழுத்து கோணல் மாணல்! பழைய வேர்ட்ஸ்டாரின் வழக்கம் அது. சொல் முடிவதற்கு அடையாளமாக, கடைசி எழுத்தின் எண்ணோடு 128-ஐக் கூட்டி வைக்கும். "1" என்ற எழுத்தின் எண் 49. கூட்டினால் 177. அதற்கு இன்றைய விண்டோஸ் காட்டும் குறி "±". அம்மாளின் கணவர் சேர்ந்த ஆண்டு "199±" என்று நின்றது.

அதைப் பார்த்து நானாக 1991 என்று எழுதிக் கொடுத்தால் கமிட்டி ஒப்புமா? எழுதிய புரோகிராமே காட்டினால்தான் பேச்சுக்கு இடமில்லை. பிளாப்பியிலேயே டாசும் வேர்ட்ஸ்டாரும் இருந்தன. ஆனால் இன்றைய 64 பிட் விண்டோஸ், அந்தக் காலத்து 16 பிட் புரோகிராமை ஓட்டாது.

ரிலீவர் வந்தார்

அப்போது கைகொடுத்தது, பிரவுசருக்குள் ஓடும் "எமுலேட்டர்". நிஜ கம்ப்யூட்டர் போலவே நடந்துகொள்ளும் புரோகிராம் அது.

ரெயில்வேக்காரன் பாஷையில் சொல்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் லீவு போட்டால் ரிலீவர் வருவார். ஆள் வேறு, விதிப் புத்தகம் அதே. விதி பிசகாமல் வேலை நடந்தால், ஆள் மாறியது ரெயிலுக்குத் தெரியுமா?

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் செய்வதும் விதிப்படி வேலைதான். நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்கும். அதற்குரிய வேலையைச் செய்யும். அடுத்த எண்ணுக்குப் போகும். 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யில் இருந்தது இன்டெல் 8088 பிராசசர். அதற்கு 64 என்ற எண் வந்தால், "ஏ.எக்ஸ்." என்ற அறையில் உள்ள கணக்கோடு ஒன்றைக் கூட்டவேண்டும். 144 வந்தால் சும்மா இருக்கவேண்டும்!

எமுலேட்டர் இந்த விதிகளை அப்படியே பின்பற்றும். 8088 எட்டக்கூடிய 10,48,576 நினைவக இடங்களுக்குப் பதிலாக, அத்தனை எண்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொள்ளும். நாம் தட்டும் விசையைப் பழைய கீபோர்டின் எண்ணாக மாற்றி உள்ளே அனுப்பும். திரைக்கென ஒதுக்கிய இடத்தில் விழும் எண்களை எழுத்தாக வரையும். பிளாப்பிக்குப் பதில் அதன் நகலான ஒரு பைல். உள்ளே ஓடும் டாசுக்கு வித்தியாசமே தெரியாது.

பத்து நாள் மொழி

பிரவுசரின் மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995-ல் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். இணையப் பக்கங்களில் சில்லறை வேலை செய்வதற்காகப் பிறந்த மொழி அது. 2011-ல் பிரான்ஸ் நாட்டு பாப்ரிஸ் பெல்லார்ட் அந்த மொழியிலேயே ஒரு பி.சி.யை எழுதி, அதற்குள் லினக்சை ஓட்டிக் காட்டினார். 2013-ல் "இன்டர்நெட் ஆர்க்கைவ்" நிறுவனம், 1979-ம் ஆண்டின் "விசிகால்க்" கணக்குப் புரோகிராமை யாரும் பிரவுசரிலேயே ஓட்டிப் பார்க்க வழிசெய்தது. 2017-ல் முக்கிய பிரவுசர்களுக்கு "வெப்அசெம்பிளி" வந்ததும் வேகம் கூடியது.

முதல் பி.சி.யின் கடிகாரம் நொடிக்குச் சுமார் 47.7 லட்சம் முறை துடித்தது. இன்றைய சாதாரண கம்ப்யூட்டர் 200 கோடிக்கு மேல் துடிக்கிறது. பழைய வேலை ஒன்றுக்குப் புதிய வேலை நூறு செய்தாலும் சமாளித்துவிடும்.

இதில் எதையும் இன்ஸ்டால் செய்யவேண்டியதில்லை. பிளாப்பியில் பழைய வைரஸ் இருந்தாலும், பிரவுசர் போட்ட வேலியைத் தாண்டி வருவது கடினம்.

கமிட்டி பார்த்தது

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. பிளாப்பியின் நகலை எமுலேட்டரிடம் கொடுத்தேன். கறுப்புத் திரையில் டாஸ் எழுந்தது. ஓய்வுபெற்ற அந்தக் குமாஸ்தாவையே அழைத்து உட்கார வைத்தோம். எழுபதைத் தாண்டியவர். விரல்கள் மறக்கவில்லை. "டி" விசையைத் தட்டிப் பைலைத் திறந்தார். பெயர்ப் பட்டியல் நேராக வந்து நின்றது.

அம்மாளின் கணவர் பெயர். பக்கத்தில் 1991.

இரு மடங்கு நிவாரணம் தரத் தீர்மானம் ஆயிற்று. அம்மாள் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

ஆனால் மற்ற மூன்று பிளாப்பிகளில் இருந்த பெயர்கள்? எந்த எமுலேட்டராலும் அவற்றை மீட்க முடியாது. அது கம்ப்யூட்டரைத்தான் எழுப்பும், அழிந்த எழுத்தை எழுப்பாது. உங்கள் வீட்டிலோ சங்கத்திலோ பழைய பிளாப்பி கிடந்தால், அடுத்த மழைக்கு முன் நகல் எடுத்துவிடுங்கள்.