பணம் வர பின் எண் வேண்டாம்

யூபிஐ செயலி பின் எண்ணைக் கேட்கிறது என்றால், ஒன்று கணக்கின் இருப்பைப் பார்ப்பதற்காக இருக்கும். இல்லையேல் பணம் வெளியே போவதற்காக இருக்கும். பணம் உள்ளே வருவதற்குப் பின் எண்ணும் தேவையில்லை, க்யூஆர் குறியை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. 2016-இல் யூபிஐ அறிமுகமானதிலிருந்து இதுதான் அதன் அமைப்பு. இந்த ஒரு செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேராததால்தான் ஒரே மோசடி ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. பழைய கட்டிலையோ ஃபிரிட்ஜையோ இணையத்தில் விற்பனைக்குப் போட்டவரை ஒருவர் அழைக்கிறார். ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றலாகி வருவதாகவும் சொல்கிறார், பேரமே பேசுவதில்லை. முன்பணம் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் குறியை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொல்கிறார். போட்ட நொடியில் விற்க வந்தவரின் பணம் போய்விடுகிறது. பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியும் இப்படியே தவறாகப் பயன்பட்டது. தனிநபர்களுக்கிடையே அந்த வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. க்யூஆர் வழி அப்படியே இருக்கிறது.

வங்கியின் கணினிக்குள் புகுவது கடினம். கணக்கு வைத்திருப்பவரின் விரலையே அழுத்த வைப்பது எளிது. அதற்கு அவசரமும் பயமும் போதும். மின்கட்டணம் பாக்கி என்பதால் இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று வரும் குறுஞ்செய்தி தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்ததே. அதிலுள்ள எண்ணை அழைத்தால், சரிபார்ப்பதற்கென்று ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். எனி டெஸ்க் போன்ற செயலியாக இருந்தால், கைபேசித் திரையில் தெரிவதெல்லாம் எதிர்முனையில் இருப்பவருக்கும் தெரியும். ரிசர்வ் வங்கி 2019-லேயே இதைப் பற்றி எச்சரித்தது.

அதைவிடக் கொடியது ஏபிகே கோப்பு. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத ரசீது, வங்கியின் கேஒய்சி படிவம் என்று ஏதாவது ஒரு பெயரில் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். அது படமோ பத்திரமோ அல்ல, ஒரு செயலி. நிறுவும்போது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வருகிற ஓடிபிகளைத் தானே வெளியே அனுப்பிவிடும். "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற அறிவுரையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவரும் இதில் ஏமாறலாம். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்கக் கூடாது. அவருடைய கைபேசியே முன்பு இப்படிப் பறிபோயிருக்கலாம்.

பயத்தை மட்டுமே முதலாக வைத்து நடப்பது 'டிஜிட்டல் கைது'. காவல்துறை, சிபிஐ, சுங்கத்துறை என்று சொல்லிக்கொண்டு வீடியோ அழைப்பில் வருவார்கள். பார்சலில் போதைப்பொருள் சிக்கியது, ஆதார் எண் கறுப்புப் பண வழக்கில் இருக்கிறது என்று மிரட்டி, அழைப்பைத் துண்டிக்க விடாமல் மணிக்கணக்காகவும் சில சமயம் நாள்கணக்காகவும் உட்கார வைப்பார்கள். ஓய்வூதியப் பணத்தையெல்லாம் சரிபார்ப்புக்காக வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள். இந்தியச் சட்டத்தில் வீடியோ அழைப்பில் கைது செய்வது என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசுவது இங்கே பெரிய அநியாயம். இதில் சிக்குபவர்களில் பலர் சட்டத்துக்குப் பயந்து வாழ்ந்த முதியவர்கள்.

பணம் போன பிறகு யார் பொறுப்பு என்பதை ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை வகுத்தது. அதன்படி, வங்கியின் தவறால் பணம் போனால், வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. வங்கியும் தவறவில்லை, வாடிக்கையாளரும் தவறவில்லை, நடுவில் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலைநாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில்லை. 4 முதல் 7 வேலைநாள்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அவர் ஏற்க வேண்டியது அதிகபட்சம் 10,000 ரூபாய். அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய். அதற்கும் தாமதமானால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியைச் சேர்ந்தது. வங்கி மேலாளர் கைவிரித்தால், இந்த விதிகளைச் சொல்லி எழுத்தில் பதில் கேட்கலாம்.

ஆனால் பின் எண்ணையோ ஓடிபியையோ தானே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தகவல் தெரிவிக்கும் வரை போன பணம் முழுவதும் வாடிக்கையாளரின் இழப்புதான். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எந்த நிலையிலும் உடனே சொல்வதில்தான் பணம் இருக்கிறது.

வங்கியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இடம், இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930. மோசடிப் பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. கமிஷனுக்காக வாடகைக்கு விடப்பட்ட பல கணக்குகளின் வழியே சிறுசிறு தொகையாகப் பிரிந்து ஓடி, கடைசியில் ஏடிஎம்மில் எடுக்கப்படும் அல்லது கிரிப்டோவாக மாறும். 1930-இல் புகார் பதிந்ததும் அந்தத் தகவல் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குப் போகிறது. பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே முடக்குகிறார்கள். முதல் சில மணி நேரம் கடந்துவிட்டால் முடக்குவதற்கு மிச்சம் இருப்பது குறைவு. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்பது நல்லது. வீட்டில் திட்டுவார்களே என்று ஒருநாள் மறைப்பவர்கள் இந்த நேரத்தைத்தான் இழக்கிறார்கள். ஏமாந்துபோன தாயையோ தந்தையையோ அன்றைக்குத் திட்டாமல் இருப்பதும் பணத்தைக் காக்கும் ஒரு வழி.

முன்கூட்டியே செய்யக்கூடியவற்றில் பயன் மிகுந்தது, கணக்கைப் பிரிப்பது. யூபிஐக்கென்று தனிக் கணக்கு வைத்து, மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் அதில் போட்டால், போனாலும் அவ்வளவுதான் போகும். சேமிப்பு இருக்கும் கணக்கை எந்தச் செயலியிலும் இணைக்க வேண்டாம். வைப்புநிதி பத்திரமாக இருக்கும் என்று நம்பிவிடவும் முடியாது. இணைய வங்கி வழியாக அதை முன்கூட்டியே முடித்துப் பணமாக்க முடியும். அட்டையின் இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் வங்கிச் செயலியிலேயே நிறுத்தி வைக்கலாம். கைரேகை வைத்துப் பணம் எடுக்காதவர்கள் ஆதாரின் கைரேகையைப் பூட்டிவிடலாம். கைபேசியில் காரணமில்லாமல் சிக்னல் போய்விட்டால், வேறொருவர் அதே எண்ணுக்குப் புதிய சிம் வாங்கியிருக்கக்கூடும். வேறு கைபேசியிலிருந்து தொலைபேசி நிறுவனத்தையும் வங்கியையும் அழைக்க வேண்டும். வங்கியின் எண்ணைத் தேடுபொறியில் தேடாமல் அட்டையின் பின்புறத்தில் பார்க்க வேண்டும், ஏனெனில் தேடலில் போலி எண்களும் வருகின்றன.

புகாருக்கு வங்கி 30 நாள்களில் பதில் தரவில்லை என்றாலும், தந்த பதில் நியாயமாக இல்லை என்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்திலோ அஞ்சலிலோ மனு அனுப்பலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.