எனாலாப்ரில் மருந்தும் உடலிலுள்ள பொட்டாசியமும்

இரத்த அழுத்த மிகுதிக்கு அளிக்கப்படும் எனாலாப்ரில், இரத்தக் குழாய்களை விரியச் செய்யும் மருந்துகளுள் ஒன்று. அதுவே உடலில் பொட்டாசியத்தைத் தேங்கவும் செய்கிறது. இவ்விரு விளைவுகளுக்கும் காரணம் ஒன்றே.

உடலில் உண்டாகும் ஆஞ்சியோடென்சின்-2 என்னும் பொருள் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சுரப்பதையும் தூண்டுகிறது. ஆல்டோஸ்டிரோன் சோடியத்தை உடலில் நிறுத்திப் பொட்டாசியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. எனாலாப்ரில், ஆஞ்சியோடென்சின்-2 உண்டாவதைத் தடுக்கிறது. ஆதலால் குழாய்கள் விரிகின்றன. பொட்டாசியம் வெளியேறுவதும் குறைகிறது.

இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை பொட்டாசியம் இருத்தல் இயல்பு. சிறுநீரகங்கள் செவ்வனே இயங்குவோரிடம் இம்மருந்தினால் அது பெரும்பாலும் மிகுதியாக உயர்வதில்லை. சிறுநீரக நோயாளரிடமும், நீரிழிவு உடையோர் சிலரிடமும் அளவு மீறக்கூடும். 6.5-ஐத் தாண்டினால் இருதயத் துடிப்பு சீர்குலைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். முன்னறிகுறி எதுவும் தோன்றாமலும் இருக்கலாம். ஆகவே, மருந்து தொடங்கிய ஓரிரு வாரங்களில் இரத்தப் பரிசோதனை செய்தல் நலம்.

களப் பணியாளர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைகளில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ வகைகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்துள்ளது. இரத்த அழுத்தமுள்ளோரே அதனை விரும்பி வாங்குவர். உலக சுகாதார நிறுவனம் 2025-இல் இத்தகைய உப்பைப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகக் குறைபாடுடையோரை அப்பரிந்துரையில் சேர்க்கவில்லை. எனாலாப்ரில் உட்கொள்வோர், உப்பை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். அச்சத்தால் மருந்தைத் தாமாக நிறுத்திவிடுதலும் கூடாது. இதனை வீடுதோறும் எடுத்துரைத்தல் நம் கடமையாகும்.