துயிலின் தாளம்

மன்னார்க் கரையிலே சிலாவத்துறையில் நின்று கடலை நோக்குவோர்க்கு முத்துக்குளிப்பின் பழங்கதை நினைவுக்கு வராமற் போகாது. அயலிலுள்ள கொண்டச்சிக் குடாவில் நடைபெற்ற குளிப்பைப்பற்றி, 1803 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே றொபேட் பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படையதிகாரி விவரித்துள்ளார். இரவு பத்து மணியளவிற் பீரங்கி முழங்கும்; நிலக்காற்றைத் துணைகொண்டு தோணிகள் புறப்படும். கதிரெழுந்ததும் குளிப்புத் தொடங்கும். நண்பகலிற் கடற்காற்று வீச, தோணிகள் கரை திரும்பும். காற்று மனிதனுடைய துயிலுக்காகக் காத்திராது. ஊர் உறங்கும் வேளையிலே சுக்கான் பிடித்தவன் விழித்திருக்க வேண்டியிருந்தது. அவ்விழிப்பைக் காத்தது எது? மனவுறுதி என்போம். அது பாதி விடையே.

மனித மூளையில் எழும் மின்னலைகளை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பேர்கர் 1929 இல் உலகுக்கு அறிவித்தார். விழித்திருக்கும் மூளையின் அலைகள் சிறியன, விரைந்தன. ஆழ்ந்த துயிலில் அவை பெரியனவாகி, செக்கனுக்கு நான்குக்கும் குறைவாகத் தளர்கின்றன. உறக்கத்திற் பெரிய அலையா என வியக்கலாம். கரைவலை இழுப்பதைக் கண்டோர் வியவார். சந்தையிலே ஆளுக்கொரு பேச்சுப் பேச, எழுவது வெறும் இரைச்சல். அம்பாப் பாட்டுக்கு அனைவரும் ஒருசேர வலையை இழுக்கையிலோ ஓசை மெதுவாகவும் பெரிதாகவும் எழுந்து தாழும். துயிலும் மூளையின் நரம்புக் கலங்களும் அவ்வாறே ஒருமித்து இயங்கி ஓய்கின்றன.

இத்தாளத்தை மாற்றுவன இரசாயனப் பொருள்களே. விழிப்பின்போது மூளைத்தண்டிலிருந்தும் அதன் அயலிலிருந்தும் அசிட்டைல்கோலின், நோரட்ரினலின், செரோட்டோனின், ஹிஸ்டமின் முதலியன சுரக்கின்றன. அவை தலமசு என்னும் வாயிலைத் திறந்து வைக்க, புலன்களின் செய்தி உள்ளே செல்கிறது. அவை குறையும்போது அங்குள்ள கலங்கள் செய்தியைக் கடத்துவதை விடுத்துத் தாளமிடத் தொடங்குகின்றன. அதனாலன்றோ உறங்குவோன் காதில் அலையோசை விழுந்தும் அவன் அதனைக் கேட்பதில்லை!

இரசாயனமே நரம்பின் தூது என்பதை மெய்ப்பித்த சோதனையும் துயிலிலேதான் பிறந்தது. ஆஸ்திரியாவில் ஒட்டோ லோவி என்பார் ஓரிரவு விழித்து, மனத்தில் உதித்த எண்ணத்தைக் குறித்துவைத்தார். காலையில் அக்கிறுக்கலை அவராலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவும் அவ்வெண்ணம் வந்தது. உடனே ஆய்வுகூடம் சென்று தவளையின் இதயத்திற் சோதனை செய்தார் என்பது அவரே கூறிய வரலாறு. 1921 இல் இவ்வாறு வெளிப்பட்ட பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. கனவு மிகும் துயிலிலே பெருகிச் சுரப்பதும் அதுவே. அவ்வேளையில் நோரட்ரினலின் சுரக்கும் கலங்கள் ஓய்ந்துவிடுகின்றன. கனவு விரைவில் மறப்பதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கருதுவோர் உளர்.

இனி, விழிப்பின் விலையைக் காண்போம். மூளை உழைக்க உழைக்க அடெனோசின் என்னும் பொருள் சேர்ந்து துயிலைக் கூவி அழைக்கிறது. தேநீரிலுள்ள கஃபீன் அதன் இருக்கையில் அமர்ந்துகொள்வதால் அவ்வழைப்பு நமக்குக் கேளாதொழிகிறது. ஆயினும் அடெனோசின் அகலவில்லை. கடன்சீட்டை ஒளித்துவைப்பது கடன் தீர்ப்பதாகுமா?

புதுதில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலே பி. என். மல்லிக்கும் அவருடன் ஆய்ந்தோரும் எலிகளின் கனவுத்துயிலைத் தடுத்து ஆராய்ந்தனர். ஓய்வுபெறாத மூளையில் நோரட்ரினலின் மிகுந்தது. கலங்களின் மின்னிலையைப் பேணும் நொதியின் செயலும் மாறியது. துயில் வீண்பொழுதன்று, மூளை தன் சமநிலையை மீட்கும் வேலைநேரம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பரீட்சைக் காலத்தில் மாணவரை நள்ளிரவுவரை விழித்திருக்கச் செய்து, அதனை ஊக்கமெனப் பாராட்டும் ஆசிரியரும் பெற்றோரும் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. பகலிற் கற்றது நினைவில் ஊன்றுவதும் துயிலிலேயே. அன்று தோணிக்காரனை விழிக்கவைத்தது காற்றின் கட்டாயம். நம் பிள்ளைகளுக்கு அக்கட்டாயம் இல்லை. அதனை நாமே உண்டாக்காதிருப்போமாக.