நான்கு சக்கரமா, பின்சக்கரமா?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

மனிதன் கண்ட கருவிகளுள் சக்கரமே தலையாயது என்பர் அறிஞர். அத்தகைய சக்கரங்கள் நான்கைக் கொண்ட கார், இன்று பல இல்லங்களில் குடும்பத்தில் ஒருவர்போல் ஆகிவிட்டது. ஆயினும் அந்த நான்கு சக்கரங்களுள் எவை வண்டியைத் தள்ளுகின்றன, எவை சும்மா உருண்டு வருகின்றன என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்தால் பெண்பிள்ளைகளிடம் நிறத்தைப் பற்றி மட்டும் கேட்பார்கள். எஞ்சினைப் பற்றிய பேச்சை அப்பாவும் மாமாவும் பார்த்துக்கொள்வார்கள். ஆனால், அந்தக் காரில் நாமும்தானே செல்லப் போகிறோம்? நாளை நாமே ஓட்டவும் போகிறோம். ஆகவே, பின்சக்கர இயக்கம் என்றால் என்ன, நாற்சக்கர இயக்கம் என்றால் என்ன, அன்றாடச் சாலைக்கு எது ஏற்றது என்பதை நாம் படித்த இயற்பியலின் துணைகொண்டு காண்போம்.

சாலையைத் தொடும் நான்கு இடங்கள்

எஞ்சின் எவ்வளவு ஆற்றல் மிக்கதாயினும் அது சாலையைத் தொடுவதில்லை. சாலையைத் தொடுபவை நான்கு டயர்களே. ஒவ்வொரு டயரும் தரையில் பதியும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலமே இருக்கும். அந்த நான்கு இடங்களில் எழும் உராய்வுதான் காரை ஓடச் செய்கிறது, திரும்பச் செய்கிறது, நிற்கவும் செய்கிறது.

இந்த உராய்வு இரண்டைப் பொறுத்தது. ஒன்று, சக்கரத்தின்மேல் அழுத்தும் எடை. மற்றொன்று, தரையின் தன்மையைக் காட்டும் உராய்வுக் கெழு. காய்ந்த தார்ச்சாலையில் இது ஏறத்தாழ 0.7 இருக்கும். மழையில் நனைந்த சாலையில் 0.4 அளவுக்கு இறங்கும். பனிக்கட்டியின்மேல் 0.1 அளவே இருக்கும். இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கர இயக்கம்

பழைய அம்பாசிடர் காரை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் முன்னே இருக்கும். அதன் ஆற்றலை வண்டியின் அடியில் ஓடும் ஒரு நீண்ட தண்டு பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும். பின்சக்கரங்கள் இரண்டும் வண்டியைத் தள்ளும். 2014-ஆம் ஆண்டு உற்பத்தி நிற்கும்வரை அம்பாசிடர் இவ்வாறே ஓடியது. பிரீமியர் பத்மினியும் மாருதி ஆம்னியும் இவ்வகையே. 1983-ஆம் ஆண்டு வந்த மாருதி 800 முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வகை. அதன்பின் நம் நாட்டுச் சிறிய கார்களில் பெரும்பாலானவை அந்த வழியையே பின்பற்றின.

பின்சக்கர இயக்கத்தில் ஓர் அழகான வேலைப் பிரிவினை உண்டு. முன்சக்கரங்கள் திரும்பும் வேலையைச் செய்கின்றன; பின்சக்கரங்கள் தள்ளும் வேலையைச் செய்கின்றன. முன்சக்கரங்களுக்குச் சுழற்றும் தண்டுகள் இல்லாமையால் அவற்றை அதிகமாகத் திருப்ப முடிகிறது. ஆதலால் குறுகிய இடத்திலும் வண்டி எளிதில் வளையும். மேட்டில் ஏறும்போது எடை பின்பக்கம் சாய்வதால் தள்ளும் சக்கரங்களின் பிடிப்பும் கூடுகிறது. உதகைக்கும் வால்பாறைக்கும் நாள்தோறும் ஏறி இறங்கும் பேருந்துகள் பின்சக்கரங்களால்தான் ஓடுகின்றன.

குறையும் உண்டு. நனைந்த வளைவில் ஆக்சிலரேட்டரைத் திடீரென மிதித்தால், தள்ளும் பின்சக்கரங்கள் பிடியை இழந்து வண்டியின் வால் பக்கவாட்டில் வழுக்கும். இதை உணர்ந்து சக்கரங்களுக்குத் தனித்தனியே பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும் மின்னணுச் சாதனம் 1995-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் காரில் முதலில் வந்தது. இப்போது பல கார்களில் உள்ளது.

நாற்சக்கர இயக்கம்

நான்கு சக்கரங்களும் தள்ளினால் இன்னும் நல்லதல்லவா என்று தோன்றும். இந்த எண்ணம் புதியதன்று. ஹாலந்து நாட்டின் ஸ்பைக்கர் நிறுவனம் 1903-ஆம் ஆண்டே நான்கு சக்கரங்களும் இயங்கும் பெட்ரோல் காரைச் செய்தது. ஆனால் அதைச் சாலைக்கு ஏற்றதாக்குவதில் ஒரு சிக்கல் இருந்தது.

நம் விளையாட்டு விழா அணிவகுப்பை எண்ணிப் பாருங்கள். வரிசை வளைவில் திரும்பும்போது, வெளிப்புறம் நடப்பவள் நீண்ட அடி எடுத்து வைக்கிறாள். உட்புறம் நடப்பவள் நின்ற இடத்திலேயே கால் மாற்றுகிறாள். இருவரும் ஒரே அளவு அடி வைத்தால் வரிசை குலைந்துவிடும். காரும் இப்படியே. வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தொலைவும் உட்சக்கரம் குறைந்த தொலைவும் செல்ல வேண்டும். அதற்கு வழிசெய்யும் பல்சக்கர அமைப்பே டிஃபரன்ஷியல். வளைவில் முன்சக்கரங்கள் செல்லும் தொலைவும் பின்சக்கரங்கள் செல்லும் தொலைவும்கூட ஒன்றல்ல. ஆகவே நான்கும் இயங்கும் காரில் முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒன்று என மூன்று இடங்களில் இத்தகைய ஏற்பாடு தேவை.

பழைய ஜீப்புகளில் நடுவே அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே அவை சாலையில் பின்சக்கரங்களால் ஓடும். சேற்றிலோ மணலிலோ சிக்கினால் ஓட்டுநர் ஒரு நெம்புகோலைத் தள்ளி 'ஃபோர் வீல்' போடுவார். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டுத் திரும்பினால், கைகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு அணிவகுத்த கதையாகிவிடும். அச்சுகள் முறுக்கிக்கொள்ளும், டயர் தேயும், பல்சக்கரம் உடையவும் கூடும். இது பகுதிநேர வகை. மகிந்திரா தார் வண்டியின் நாற்சக்கர இயக்கம் இவ்வகையே. 2023-ஆம் ஆண்டு அதே தார் பின்சக்கர இயக்கத்தோடு மட்டும் குறைந்த விலையிலும் விற்பனைக்கு வந்தது. வாங்குவோர் எல்லோரும் சேற்றில் ஓட்டுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மற்றொன்று முழுநேர வகை. இதில் எப்போதும், அல்லது தேவைப்படும்போது தானாகவே, நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் பிரிந்து செல்லும். இங்கிலாந்தின் ஜென்சன் நிறுவனம் 1966-ஆம் ஆண்டும், ஜெர்மனியின் ஆடி நிறுவனம் 1980-ஆம் ஆண்டு 'குவாட்ரோ' என்னும் பெயரிலும் இத்தகைய சாலைக் கார்களை வெளியிட்டன.

ஏறுவதற்கு ஒரு கணக்கு

1,400 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எடையில் பாதி பின்சக்கரங்களின்மேல், அதாவது 700 கிலோகிராம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில் ஏற, எடையில் பத்தில் ஒரு பங்கான 140 கிலோகிராம் அளவு விசை வேண்டும்.

நனைந்த தார்ச்சாலையில் பின்சக்கரங்கள் மட்டும் தரக்கூடிய பிடிப்பு 700-ஐ 0.4-ஆல் பெருக்க 280. தேவையைப்போல் இரு மடங்கு! ஆகவே மழை பெய்தாலும் பின்சக்கரக் கார் தயங்காமல் ஏறும். வழுவழுப்பான சேற்றில் உராய்வுக் கெழு 0.15 என்று கொள்வோம். பின்சக்கரங்களின் பிடிப்பு 105 மட்டுமே, கார் ஏறாது. நான்கும் தள்ளினால் 210, ஏறிவிடும். நாற்சக்கர இயக்கத்தின் பயன் எங்கே தொடங்குகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. பனி விழும் நாடுகளில் மக்கள் அதை விரும்பி வாங்குவதன் காரணமும் இதுவே.

நிற்பதற்கு ஒரு கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். எங்கள் வீட்டுக்குக் கார் பார்க்கச் சென்றபோது விற்பனையாளர் ஒருவர், "நான்கு சக்கரமும் ஓடும் வண்டி சார், மழையில் சறுக்கவே சறுக்காது, குடும்பத்துக்குப் பாதுகாப்பு" என்றார். கேட்பதற்கு இனிமையாக இருந்தது. அது உண்மையா என்று கணக்கிட்டுப் பார்த்தேன்.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தொலைவைக் காண, வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் கெழுவையும் 9.8-ஐயும் பெருக்கி வந்ததன் இரு மடங்கால் வகுக்க வேண்டும். காய்ந்த சாலையில் விடை 20 மீட்டர். நனைந்த சாலையில் 35 மீட்டர். வேகத்தை 30 கிலோமீட்டராகப் பாதியாக்கினால் நனைந்த சாலையிலும் 9 மீட்டரே.

தோழியரே, இந்தச் சூத்திரத்தை மீண்டும் ஒரு முறை பாருங்கள். அதில் வேகம் இருக்கிறது, உராய்வு இருக்கிறது. எத்தனை சக்கரங்கள் வண்டியைத் தள்ளுகின்றன என்பதற்கு அதில் இடமே இல்லை! ஏனெனில் எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. பின்சக்கரக் காரும் நாற்சக்கரக் காரும் ஒரே டயரோடு ஒரே வேகத்தில் வந்தால் ஏறத்தாழ ஒரே தொலைவில்தான் நிற்கும். வளைவில் திரும்பும் வேகத்தின் எல்லையையும் டயரின் பிடிப்பே வரையறுக்கிறது.

இதில் ஒரு மறைந்த ஆபத்து இருக்கிறது. பின்சக்கரக் கார் வழுக்கும் சாலையில் புறப்படும்போதே சற்றுத் தடுமாறி, "எச்சரிக்கையாக இரு" என்று ஓட்டுநருக்குச் சொல்லிவிடும். நாற்சக்கரக் கார் சிரமமின்றிப் புறப்பட்டு விரைவாக வேகமெடுக்கும். சாலை வழுக்குவதை ஓட்டுநர் உணர்வது முதன்முதலாகப் பிரேக்கை மிதிக்கும்போதுதான். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையின் இறக்கத்தில் அந்தப் பாடம் காலங்கடந்து வருமானால் என்னாகும்? ஓயாமல் மிதித்த பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். "ஏறிய கியரிலேயே இறங்கு" என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது எந்தக் காருக்கும் பொருந்தும்.

பந்தயத்தில் ஒரு வீராங்கனை

நாற்சக்கர இயக்கத்தின் பெருமையையும் மறைக்கக் கூடாது. பிரான்சு நாட்டு வீராங்கனை மிஷேல் மூத்தோன், 1981-ஆம் ஆண்டு இத்தாலியின் சான்ரெமோ பந்தயத்தில் ஆடி குவாட்ரோ காரை ஓட்டி வென்றார். உலக ராலி சாம்பியன் தொடரில் ஒரு பந்தயத்தை வென்ற முதல் பெண்மணி அவரே. அருகில் அமர்ந்து வழிகாட்டியவரும் ஃபாப்ரிசியா போன்ஸ் என்னும் பெண்மணியே. 1982-ஆம் ஆண்டு அவர் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் ஆகிய மூன்று நாடுகளில் வென்றார். ஆயினும் அவ்வாண்டு பட்டம் பெற்றவர் வால்டர் ரோல். அவர் ஓட்டியதோ பின்சக்கர இயக்கம் கொண்ட ஓப்பல் கார்! 1983-ஆம் ஆண்டும் கார் தயாரிப்பாளருக்கான பட்டத்தைப் பின்சக்கர இயக்கம் கொண்ட லான்சியா பெற்றது. அதன்பின் அந்தப் பட்டம் பின்சக்கரக் காருக்குக் கிடைக்கவே இல்லை. சரளையிலும் பனியிலும் முழு வேகத்தில் பறப்பவர்க்கு நான்கும் வேண்டும் என்பது உறுதியாயிற்று. ஆனால் நாம் கடைவீதிக்கும் பள்ளிக்கும் செல்வது அப்படியன்றே!

யாருக்கு எது?

என் பெரியப்பா தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிகிறார். தார்ச்சாலையிலிருந்து அவர் வீடுவரை செம்மண் பாதை. மழைக்காலத்தில் முழங்கால் சேறு. அந்தப் பாதையில் நோயாளியை ஏற்றிக்கொண்டு இரவில் வர நேர்ந்தால், ஃபோர் வீல் போடும் ஜீப் உயிர் காக்கும். அவருக்கு அது ஆடம்பரமன்று. எங்கள் வீடோ நகரத்தில் தார்ச்சாலை ஓரத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை எங்கள் தெருவில் சேற்றில் சிக்கிய கார் ஒன்றுகூட இல்லை.

நாற்சக்கர அமைப்பு காரின் எடையில் 50 முதல் 100 கிலோகிராம் வரை கூட்டும். அந்தப் பாரத்தை ஆண்டு முழுவதும் சுமக்க எரிபொருள் செலவாகும். முழுநேர வகையில் ஒரு டயர் கெட்டாலும், மற்றவை தேய்ந்திருந்தால் நான்கையும் மாற்ற நேரிடலாம். அளவு வேறுபட்டால் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துக் கெடும். மின்சாரக் கார்களில் நீண்ட தண்டு தேவையில்லை. பின்னே ஒரு மோட்டார் போதும். நான்கும் இயங்க முன்னே இன்னொரு மோட்டார் வைப்பார்கள். அங்கும் விலையும் எடையும் கூடவே செய்யும்.

ஆகவே கார் வாங்கும்முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: நாம் செல்லும் வழியில் சேறோ மணலோ பனியோ ஆண்டில் எத்தனை நாள் இருக்கும்? இயக்கம் முழுநேர வகையா, பகுதிநேர வகையா? பின்சக்கரக் காரானால் வழுக்கலைத் தடுக்கும் மின்னணுச் சாதனம் உண்டா? டயர் எப்படிப்பட்டது? டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த அளவுவரை காத்திருக்காமல் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றுவது அறிவுடைமை.

முடிவுரை

நான்கு சக்கரங்களும் தள்ளினால் கார் நன்றாகப் புறப்படும்; சேற்றிலிருந்து மீளும். விரைந்து நிற்பதற்கு அது உதவாது. தார்ச்சாலையில் ஓடும் குடும்பத்துக்கு நல்ல டயர்கள் பூட்டிய பின்சக்கரக் காரே போதும். மண்பாதையில் வாழும் குடும்பத்துக்கு நாற்சக்கர இயக்கம் நல்ல துணை. இருவருக்கும் பொதுவான காவல், மழையில் வேகத்தைக் குறைக்கும் கால். அடுத்த முறை வீட்டில் கார் பற்றிப் பேச்சு எழும்போது, தோழியரே, நிறத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள். "எந்தச் சக்கரம் தள்ளுகிறது? டயரின் பள்ளம் எவ்வளவு?" என்று கேளுங்கள். கேட்பதற்கு வேண்டிய இயற்பியல் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.